அழுகண்ணிக்கு நட்ட எல்லை

எங்கள் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் விசிறித் தண்டு பொங்கலுக்கு முந்தின வாரம் முறிந்தது. அந்த இயந்திரத்தைச் செய்து கொடுத்தவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே போய் உட்கார்ந்து, புதுத் தண்டு கடைந்து வாங்கி, லாரியில் ஏற்றிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னார். கோத்தகிரிக் குளிரைவிட்டுச் சென்னைக் கொசுவுக்குப் போக அலுவலகத்தில் யாருக்கும் விருப்பமில்லை. நான் போகிறேன் என்றேன். ஸ்டோர்ஸ் பொறுப்பு என்னுடையது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை முதலாளியிடம் சொல்லவில்லை.

இலையில் பனித்துளி போன்ற பசையை ஏந்தி நின்று பூச்சி பிடிக்கும் செடிகளில் மூன்று வகையை நம் நாட்டில் பார்க்கலாம். ஒன்று மலையில் வளர்வது. எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் புல்சரிவில் மழைக்காலத்தில் அதை ஆசைதீரப் படம் எடுத்திருக்கிறேன். மற்ற இரண்டும் சமவெளிச் செடிகள். ஒன்று காசளவுச் சிவப்பு வட்டமாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இன்னொன்று நூல்போல நிமிர்ந்து நிற்கும், இளஞ்சிவப்பில் பூக்கும். இலை முழுக்கக் கண்ணீர் நிற்பதுபோல இருப்பதால் தமிழில் இவற்றுக்கு அழுகண்ணி என்று பெயர்.

அந்த இளஞ்சிவப்புப் பூதான் எனக்கு வேண்டும். அது வெயில் ஏறிய பிறகே விரியும், உச்சிவேளைக்குள் மூடிக்கொள்ளும். மேகம் போட்டால் அன்றைக்கு விரியவே விரியாது. மழை ஓய்ந்து தரையில் ஈரம் மிச்சமிருக்கும் தை மாதத்தில் பூத்து, விதை உதிர்த்து, செடியே காய்ந்துவிடும். தை மாதத்தில் எனக்கு ஒரு வருடமும் விடுப்பு கிடைத்ததில்லை. இந்த வருடம் தண்டு முறிந்தது.

எங்கே தேடுவது? செடி ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். அங்கே ஓர் எழுதாத சட்டம் உண்டு. படம் போடலாம், இடம் சொல்லக்கூடாது. சொன்னால் மறுநாளே யாராவது பெயர்த்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்துக் கொன்றுவிடுவார்கள். நான் கேட்டபோது ஒருவர் மனமிரங்கி, "தாம்பரத்துக்குத் தெற்கே. சரளை மண். நீர் கசியும் இடம்" என்று மட்டும் எழுதினார். தாம்பரத்துக்குத் தெற்கே கன்னியாகுமரி வரை நிலம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டுச் செட் தோசையும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி எங்கள் மலையில் கிடைக்காத பண்டம். மிஞ்சிப்போன வடையைக் குழம்பில் போட்டுக் காப்பாற்றியதுபோல இருந்தது. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

பல்லாவரம் போய்க் குன்றத்தூர் பஸ் பிடித்துத் திருமுடிவாக்கம் சேர்ந்தேன். பட்டறைக்காரர் பெயர் மாணிக்கம். முறிந்த தண்டு எனக்கு முன்பே பார்சல் லாரியில் வந்து அவர் மேசைக்குக் கீழே படுத்திருந்தது. அதைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"பேரிங் உட்கார்ற இடத்துல தேஞ்சிருக்கு சார். ரொம்ப நாளா சத்தம் போட்டிருக்குமே, யாரும் கேக்கலையா?"

"கேட்டோம். சீசன் முடியட்டும் என்று விட்டுவிட்டோம்."

"எல்லா ஃபேக்டரியிலயும் இதேதான் சார் சொல்றாங்க. ஃப்ரைடே ரெடி பண்ணிடறேன். பேலன்ஸ் பாக்காம குடுக்க மாட்டேன், அவசரப்படுத்தாதீங்க."

என் வாழ்க்கையில் ஒரு பட்டறைக்காரர் தாமதமாகத் தருகிறேன் என்று சொல்லி நான் மகிழ்ந்தது அன்றுதான். புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்கு.

புதன்கிழமை கோவளம் போனேன். கடற்கரை மணலிலும் நீர் கசியும் பள்ளங்களில் இவை வளரலாம் என்பது என் கணக்கு. பஸ் வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் வழியாகப் போனது. எங்கள் ஊரில் பஸ் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கும், எதிரே வருவது தெரியாது என்பதால். இங்கே சாலை நேராக இருக்கிறது, எதிரே வருவது நன்றாகத் தெரிகிறது, அப்படியும் அடிக்கிறார்கள்.

படகுகள் ஏறிவந்து மீன் விற்றுக்கொண்டிருந்த நேரம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் இடம் உண்டா என்று கூடை முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"தண்ணி நிக்கற எடத்துல இன்னா சார் வேலை உனுக்கு? பிளாட் பாக்க வந்தியா?"

"செடி பார்க்க வந்தேன், அக்கா. பூச்சி பிடித்துத் தின்னும் செடி."

பக்கத்துக் கூடைக்காரம்மா சிரித்தார். "செடி பூச்சி துன்னுதாம்டீ."

"கொசு துன்னுமா?" என்றார் முதல் அம்மா.

"அதைத்தான் அதிகம் தின்னும்."

"அப்ப எங்க வூட்டாண்ட நாலு நட்டுட்டுப் போ. புண்ணியமாப் போவும். மீன் இன்னா வேணும்?"

லாட்ஜில் சமைக்க முடியாது என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தார். தன் தங்கை பஸ் நிறுத்தத்தில் மீன் வறுத்து விற்பதாகச் சொல்லி, ஒரு சங்கராவை இலையில் சுற்றி என் கையில் கொடுத்தனுப்பினார். தங்கை அதை வாங்கி மசாலா தடவிக் கல்லில் போட்டார். எங்கள் ஊருக்கு மீன் ஐஸ் பெட்டியில் ஏறி வரும். வந்து சேர்வதற்குள் அதுவே மலைவாசி ஆகியிருக்கும். இந்தச் சங்கரா அப்படி இல்லை.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் பெரும்பகுதியில் சுற்றுச்சுவர் எழுந்துவிட்டது. இரண்டு சுவர்களுக்கு நடுவே விட்டுப்போன ஈரமணலில் குண்டூசித் தலையளவு மஞ்சள் பூக்கள் நின்றன. நீர்ப்பைச் செடி. இதுவும் ஊன் தின்னும் இனம்தான். ஆனால் இதன் பொறிகள் மண்ணுக்கு அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புழுக்களைத்தான் பிடிக்கும். வெளியே பார்த்தால் சாதுவான மஞ்சள் பூ. முழங்கை மணலில் புதையப் படுத்து எடுத்தேன். அழுகண்ணி அங்கே இல்லை. மாலைவரை தேடிவிட்டுத்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில். அந்தப் பக்கம் செம்மண் சரளை மேடுகள் உண்டு என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். பூ விரியும் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும் என்று ஒன்பது மணிக்கே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். நடைமேடையில் ஒரு மின்ரயில் நின்றது. காலியாக இருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ரயில் கிளம்பியதும் கேமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். ஒழுங்காக வேலை செய்பவன் என்று பெயர் வாங்கியவன் நான், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. குரோம்பேட்டை வந்ததும் கூட்டம் ஏறியது.

"சிங்கப்பெருமாள் கோவில் எத்தனையாவது ஸ்டேஷன்?" என்று எதிரே உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"இந்த வண்டியில போனா பீச்தான் சார் வரும். பெருமாள் அந்தப் பக்கம்."

இறங்கி, படியேறி, அடுத்த நடைமேடையில் நின்றேன். வந்த வண்டி தாம்பரத்தோடு நின்றுவிட்டது. செங்கல்பட்டு வண்டிக்கு மறுபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியபோது வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது. குடைவரைக் கோவிலின் நரசிம்மரை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

ஊர் தாண்டியதும் மனைகள். கலர் அடித்த கற்கள், கம்பி வேலிகள், வளைவு நுழைவாயில்கள், உள்ளே வீடு மட்டும் இல்லை. அவற்றுக்கு அப்பால் வேலி இல்லாத ஒரு சரளை மேடு இருந்தது. "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்று தகரப் பலகை நட்டிருந்தார்கள். நான் வாங்க வரவில்லை என்பதால் அது எனக்குச் சொன்னது அல்ல என்று எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தேன்.

மேட்டின் சரிவில் பழைய எல்லைக்கல் ஒன்று சாய்ந்து நின்றது. அதன் அருகிலிருந்து ஈரம் ஒரு கோடாகக் கசிந்து இறங்கியது. அந்தக் கோடு முழுக்கச் சிவந்திருந்தது. குனிந்தேன். சிவப்பு வட்டங்கள், காசு இறைத்ததுபோல. அவற்றுக்கு நடுவே நூல் நூலாக நிமிர்ந்த அழுகண்ணி, ஒவ்வொரு மயிரிழை நுனியிலும் ஒரு துளியோடு.

வாய்விட்டு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பூக்கள் மூடியிருந்தன. சுருட்டிய இளஞ்சிவப்புக் காகிதம்போலப் பத்துப் பதினைந்து. எல்லாம் காலையில் விரிந்து மூடியவை. குரோம்பேட்டையில் நான் படியேறிக்கொண்டிருந்தபோது இங்கே விரிந்திருக்கின்றன. ஆனால் மறுநாளைக்கான மொட்டுகளும் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை எனக்கு மிச்சமிருந்தது.

சிவப்பு வட்டங்களைப் படம் எடுத்து முடித்தேன். பிறகு கோத்தகிரியில் எப்போதும் செய்வதைச் செய்தேன். இந்தச் செடிகள் விரல் உயரம்கூட இல்லை. காலையில் அவசரமாக வந்து நானே மிதித்துவிடக் கூடாது. அதற்காகத் துடைப்பக்குச்சிகளில் சிவப்பு ரிப்பன் கட்டிப் பையில் வைத்திருப்பேன். ஈரக்கோட்டின் இருபுறமும் அவற்றை வரிசையாக நட்டேன். டேப்பை எடுத்து, எல்லைக்கல்லிலிருந்து செடிகள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்று அளந்து குறித்துக்கொண்டேன். சாலையில் ஒருவர் வண்டியை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தேன். அவர் பதிலுக்குக் கையசைக்காமல் போனை எடுத்துப் பேசியபடி கிளம்பினார்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு காலி இடத்தில் டேப்பும் சிவப்பு ரிப்பனும் என்ன அர்த்தம் தரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் மலையில் யாரும் புல்சரிவை அளப்பதில்லை.

அன்று இரவு மாணிக்கம் போன் செய்தார். தண்டு நாளை மதியம் தயார், மாலை நான்கு மணிக்கு லாரி, நான் கூட இருந்து ஏற்றவேண்டும். தொழிற்சாலையில் பனிக்காலத்துச் சொற்ப இலையும் உலர்த்த வழியில்லாமல் வாடிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் கேட்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சரியான ரயிலில் ஏறினேன். மேட்டை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. ஒரு மஞ்சள் ஜேசிபி நின்றது. ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவே, என் ரிப்பன்களுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனுக்குத் தெரியாம சர்வேயரக் கூட்டியாந்து கோடு போடறியா? நம்ம தாத்தா நட்ட கல்லு தோ கீது. உன் ரிப்பன் எங்க போவுது பாரு, என் பங்குல பாதிய துன்னுகினு போவுது!"

"யோவ், நீ கூட்டியாந்துட்டு என் மேல போடறியா? நேத்து டேப்பு வச்சி அளந்தான்னு எனுக்கும்தான் போன் வந்துச்சி!"

"நானா? நான் ஏன்டா ரிப்பன் கட்டறேன்? எனுக்கு வேணும்னா வேலியே போடுவேன். தோ, இன்னிக்கே போடறேன். ஜேசிபி வந்துடுச்சி. மண்ணு லாரி வந்துகினே கீது. என் பங்க மேடாக்கி வேலி போட்டுட்டுத்தான் சாப்பாடு."

கூடியிருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜேசிபி கொண்டுவந்தவர் தாமோதரன், ஊரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். எதிரே நிற்பவர் ஏகாம்பரம், தண்ணீர் கேன் வியாபாரம். அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்ட இந்த மேட்டை அப்பாக்கள் வாய்வார்த்தையாகப் பிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். விலை ஏறியதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

ஜேசிபியின் வாளி என் செடிகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் போய் நின்றேன்.

"அந்தக் குச்சிகளை நட்டது நான்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"யார் அனுப்புனது?" என்றார் தாமோதரன்.

"யாரும் அனுப்பவில்லை. கோத்தகிரியிலிருந்து வருகிறேன்."

"கோத்தகிரியா? ஊட்டியாண்ட?" ஏகாம்பரம் கூட்டத்தைப் பார்த்தார். "பார்ட்டி ஊட்டில கீறான்டா. ரிசார்ட்டுக்காரன். நம்ம நெலத்த வித்தே முடிச்சிட்டான் இவன்."

"எவன்டா வித்தது? நீதான் வித்துட்டு ஆள வரவச்சிருக்க!"

"சார், நீ இங்கயே நில்லு. ஸ்டேஷன்ல வந்து பேசு," என்று ஒருவர் என் பையைப் பிடித்தார்.

கேமராவை எடுத்து நேற்றுப் பிடித்த படங்களைக் காட்டினேன். இந்தச் செடிகளுக்காக வந்தேன், மிதிபடாமல் இருக்கக் குச்சி நட்டேன், வேறு எதுவும் இல்லை என்றேன். தாமோதரன் திரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பாசிக்கா? இத்த போட்டோ புடிக்கவா அவ்ளோ தூரத்துலர்ந்து வந்த?"

"பாசி இல்லை. இது கொசு பிடிக்கும்."

"போட்டோலாம் கம்ப்யூட்டர்ல பண்ணலாம்," என்றார் ஏகாம்பரம். "நேர்ல காட்டு."

அதற்குள் தாமோதரன் தன் முழங்கையில் பட்டென்று அடித்தார். விரலில் ஒட்டிய கொசுவை என்னிடம் நீட்டினார். "இந்தா. உன் செடிக்கு டிபன். துன்னலன்னா நீ புரோக்கர்."

கொசுவுக்கு இன்னும் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு குச்சி நுனியில் அதை எடுத்துச் சிவப்பு வட்டம் ஒன்றின் ஓரத்தில் வைத்தேன். "குனிந்து பாருங்கள்" என்றேன். வேட்டியை மடித்துக்கொண்டு ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம் மண்டியிட்டார்கள். ஜேசிபி டிரைவரும் இறங்கி வந்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு இலையின் ஓரத்திலிருந்து நீண்ட மயிரிழை ஒன்று உள்நோக்கி வளைந்தது. அடுத்து அதன் பக்கத்தில் இருந்தது. கொசுவின் கால் நின்றது.

"ஏய், கைய மடக்குதுடா!" என்றார் டிரைவர்.

"சொம்மா இரு," என்றார் ஏகாம்பரம், தலையைத் தூக்காமல். "இன்னொண்ணும் மடக்குது பாரு."

"அந்த கோடியில ஒரு எறும்பு மாட்டிகினு கீது," என்றார் தாமோதரன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பதில் சொன்னது ஏகாம்பரம்தான். "ஆமா. செத்துட்ச்சி."

நான் புரோக்கர் இல்லை என்பது முடிவாயிற்று. பையை விட்டுவிட்டார்கள். ஆனால் ஜேசிபி போகவில்லை. எப்படியும் வந்துவிட்டது, வேலியைப் போட்டே தீருவேன் என்றார் தாமோதரன். அந்த நூல்செடி மொட்டு விட்டிருக்கிறது, வெயில் ஏறினால் விரியும், அதைப் படம் எடுக்கும் வரையாவது பொறுங்கள் என்று கேட்டேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மண்ணு லாரி வர்ற வரைக்கும். அப்பறம் என்னைக் கேக்காத."

குப்புறப் படுத்துக் கேமராவை மொட்டுக்கு நேரே வைத்தேன். கடையிலிருந்து பேப்பர் கப்பில் டீ வந்தது. எங்கள் ஊரில் கழித்துக் கட்டிய தூளாக இருக்கவேண்டும். குடித்தேன். மொட்டின் நுனியில் இளஞ்சிவப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வெயில் போதும்.

மேகம் வந்தது. கடலிலிருந்து ஏறிவந்த சாம்பல் மேகம் சூரியனை மூடியது. நான் எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் பேச்சு, இருமல், தீக்குச்சி உரசும் சத்தம். ஒருமுறை மேகத்தில் கிழிசல் விழுந்து வெயில் எட்டிப் பார்த்தது. இதழ்களுக்கு நடுவே நூலிழை இடைவெளி வந்தது. மறுபடி மூடியது வானம். மொட்டு அப்படியே நின்றுவிட்டது.

மாணிக்கத்தின் போன் வந்தது. "சார், தண்டு ரெடி. எங்க இருக்கீங்க?"

அதே நேரம் சாலையில் மண் லாரி வந்து நின்றது. தாமோதரன் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஜேசிபி உறுமியது.

எழுந்து நின்றேன். என் சட்டையெல்லாம் சேறு. பூவுக்காகத்தான் பேசினேன், அதை மறைக்கவில்லை. ஆனால் பேசியது என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

"நான் ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன். ஸ்டாக் எடுத்து முடிக்கும்வரை எந்தச் சரக்கையும் நகர்த்தக்கூடாது, அதுதான் எங்கள் முதல் விதி. நகர்த்திவிட்டால் பிறகு யார் சொல்வதும் கணக்கில் நிற்காது. இன்றைக்கு மண் கொட்டினால் அந்தக் கல்லும் மூடிப்போகும். அப்புறம் உங்கள் தாத்தா எங்கே நட்டார் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்?"

ஏகாம்பரம் கல்லைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். "அதான்டா விஷயம்! கல்ல மூடத்தான் மண்ணு கொண்டாந்திருக்கான்!"

தாமோதரனின் முகம் சிவந்தது. "நானா? தாத்தா கல்ல நானா மூடுவேன்? டேய், லாரிய திருப்புடா! கவர்மென்ட் சர்வேயர் வரட்டும். அது வரைக்கும் நானும் தொட மாட்டேன், நீயும் தொடக்கூடாது. ஒரு புல்லு புடுங்கியிருந்தாலும் கேஸுதான்."

"நீ புடுங்காம இருந்தா போதும்!"

லாரி திரும்பியது, ஜேசிபியும் அதன் பின்னால் போனது. இனி வேலை இல்லை என்று நினைத்து என் குச்சிகளைப் பிடுங்கக் குனிந்தேன். "தொடாதீங்க சார்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். இன்று எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கவேண்டுமாம். அதைப் பார்த்தவன் என்ற முறையில் நான் பொதுச் சாட்சியாம். என் போன் எண்ணை இருவரும் தனித்தனியாக வாங்கிக்கொண்டார்கள். அரசு சர்வேயர் வர எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். "மனு போட்டா வருவாரு, பங்குனி சித்திரைக்குள்ள," என்றார் ஏகாம்பரம். அதற்குள் விதை விழுந்துவிடும்.

மாலை தண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மாணிக்கம் அதைத் துணியில் சுற்றிக் கயிறு கட்டி, குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். சனிக்கிழமை இரவு உலர்த்தும் இயந்திரம் ஓடியது, சத்தம் இல்லாமல். என்னிடம் சிவப்பு வட்டம் இருந்தது, நூல்செடி இருந்தது, பூ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தாமோதரனிடமிருந்து ஒரு படம் வந்தது. எல்லைக்கல். கீழே: "நான் தொடல சார் பாத்துக்கோங்க." படத்தின் மூலையில் மங்கலாக இளஞ்சிவப்பு. பெரிதாக்கினேன். விரிந்த பூ. தாம்பரத்துக்குத் தெற்கே அன்றைக்கு நல்ல வெயில்.

சற்று யோசித்துப் பதில் எழுதினேன். கல்லை வைத்து நான் சாட்சி சொல்ல முடியாது, கல்லைத் தூக்கித் திரும்ப வைக்கலாம். யாரும் காலே வைக்கவில்லை என்பதற்கு அந்தப் பூதான் ஆதாரம். கிட்டப் போய், தரையோடு தரையாகப் போனை வைத்து, பூ தெளிவாகத் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். இதையே ஏகாம்பரத்துக்கும் எழுதினேன்.

அன்றிலிருந்து வெயில் அடிக்கிற காலைகளில் எனக்கு இரண்டு படங்கள் வரும். முதலில் எல்லாம் மங்கல். குனியுங்கள் என்றேன். ஃப்ளாஷ் போடாதீர்கள் என்றேன். உங்கள் நிழல் விழுகிறது, அந்தப் பக்கம் போங்கள் என்றேன். "இன்னும் எப்படி சார் குனியறது, தொப்பை இடிக்குது" என்று தாமோதரன் குரல்பதிவு அனுப்பினார். ஏகாம்பரம் ஒரு நாள் கேள்வி கேட்டார்: "அவன் போட்டோ நல்லா கீதா என்துதா?"

மாசி முதல் வாரத்தில் ஏகாம்பரம் அனுப்பிய படம் வேறு மாதிரி இருந்தது. ஐந்து இதழும் விரிந்த பூ, மகரந்தம் தனித்தனியாகத் தெரிந்தது, தண்டின் துளியில் ஒரு கொசு. இப்படி அசையாமல் என் கேமராவிலும் வந்திருக்காது. பின்னால் மங்கலாக ஒரு பெரிய உள்ளங்கை, காற்றை மறைத்துக்கொண்டு.

"காத்து அடிச்சிகினே கீது சார், பூவு நிக்க மாட்டேங்குது," என்று எழுதியிருந்தார். "அதான் அவன கைய வைக்க சொன்னேன்."

அந்தப் படத்தை என் தொகுப்பில் மூன்றாவது வகையின் கீழே சேர்த்துவிட்டேன். எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் ஏகாம்பரம், தாமோதரன் என்று இருவரையும் போட்டிருக்கிறேன். தாமோதரன் கேட்டால் அகரவரிசை என்று சொல்லிக்கொள்ளலாம்.